இரண்டு விரல் உயரம்

ஆற்றில் நிற்கும் இரண்டு கான்கிரீட் தூண்களுக்கு ஊர்க்காரர்கள் ‘ததிராம் கால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலம் கட்டித் தருவதாகச் சொல்லியே ததிராம் கண்டேல் மூன்று முறை காட்மாண்டுக்கு நாடாளுமன்ற உறுப்பினராகப் போனார். வேலை தூணோடு நின்றுவிட்டது. தலைவர் காலை அகட்டி நிற்கிறார், நனையாமல் தாண்டுவது நம் சாமர்த்தியம் என்று டீக்கடையில் சொல்வார்கள். காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார்.

சாபித்ரா அவரைக் கட்டிக்கொண்டது கட்சிகளைத் தடை செய்திருந்த காலத்தில். நான்காம் மாதமே அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு வருஷம் சிறையில் வைத்தார்கள். இருமலோடு திரும்பிய மறுவருஷம் ரிஷி பிறந்தான். ஒரே பிள்ளை.

மாவோயிஸ்டுச் சண்டை நடந்த ஒரு மழைக்காலத்தில், கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்த ரிஷியைப் பேருந்தை மறித்து இறக்கிக் கூட்டிப் போனார்கள். சீருடைக்காரர்கள் என்று சிலர் சொன்னார்கள், இல்லை என்று சிலர். அரசாங்கக் காகிதத்தில் அவன் ‘காணாமல் போனவன்’. அந்த ஒரு சொல்லுக்குள்தான் சாபித்ரா பன்னிரண்டு வருஷம் குடியிருந்தாள். ஒவ்வொரு கூட்டத்தொடருக்குக் கிளம்பும்போதும் ததிராம் இந்தத் தடவை சபையில் கேட்கிறேன் என்பார். கேட்கவில்லை. சண்டை போட்ட இரண்டு தரப்பும் அப்போது ஒரே ஆட்சியில் உட்கார்ந்திருந்தன. நடுவில் அவருக்கும் ஒரு மந்திரி நாற்காலி கிடைத்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் முடிந்தால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமம் முடிக்கலாம் என்பது வழக்கம். மாவட்டத்தில் இன்னும் முப்பது வீடுகளில் பிள்ளையைக் காணோம். ஒரு தாயும் இதற்குச் சம்மதிக்கவில்லை. தேர்தல் நெருங்கியது. தலைவர் வீட்டில் முதலில் நடந்தால் மற்றவர்களும் செய்வார்கள், காணாமல் போனவர்கள் கோப்பை மூடிவிடலாம் என்று கட்சி சொல்லி அனுப்பியது. அவர் அதை அவளிடம் மறைக்கவில்லை.

“நான் முன்னால செஞ்சாத்தான் அவங்களுக்கும் ஒரு வழி பிறக்கும், சாபித்ரா.”

“எரிச்சப்புறம் அவன் வந்து நின்னா? புதுசாப் பிறந்தவன்னு வேற பேரு வைக்கணுமாமே. நான் என்ன பேரு சொல்லிக் கூப்பிட?”

அவர் இருமினார். 

கருமம் நடந்த அன்று அவள் ஆற்றில் இறங்க மாட்டேன் என்று மேட்டிலேயே நின்றுவிட்டாள். கீழே பண்டிதர் மூங்கிலின் மேல் தர்ப்பையைக் கட்டி உருவத்தை நீட்டிப் போட்டார். அளவு இதுதானா என்று கேட்டார். ததிராம் தலையாட்டினார். பிள்ளை வளர்ந்த வருஷங்களிலெல்லாம் அவர் காட்மாண்டுவில் இருந்தவர்.

“அவன் அவ்வளவு குட்டையில்ல,” என்றாள் சாபித்ரா மேலிருந்து. “இன்னும் ரெண்டு விரல் உசரம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பண்டிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தாயாரே ஒத்துக்கொண்டாச்சு என்று முணுமுணுத்தபடி உருவத்தின் காலடியில் இன்னொரு பிடி தர்ப்பை வைத்துக் கட்டினார். தர்ப்பை சட்டென்று எரிந்துவிட்டது.

பிள்ளையை எரித்து ஓட்டுக் கேட்கிறான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மைக்கில் பேசினார்கள். இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ததிராம் தோற்றார். இரண்டு வருஷம் மருந்து குடித்தார். மாசி மாதம் போய்விட்டார்.

கட்சிக்கொடி போர்த்தி அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் கட்டை அடுக்கினார்கள். கொள்ளி வைப்பது யார் என்று பேச்சு வந்தது.

“மகன் இருக்கான்,” என்றாள் சாபித்ரா.

பண்டிதர் தலையைக் குனிந்துகொண்டார். “அவனுக்கும் நான்தானேம்மா மந்திரம் சொன்னேன்.”

ததிராமின் தம்பி மகன் மொட்டை போட உட்கார்ந்தான்.

மேட்டில் பெண்களோடு நின்ற மனுமாயா தாபா நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தாள். அவள் பிள்ளையையும் அதே பேருந்திலிருந்துதான் இறக்கிக் கூட்டிப் போனார்கள். போன வருஷம்தான் அவளும் தர்ப்பையை எரித்திருந்தாள்.

“தலைவர் செஞ்சாருன்னு நான் செய்யலக்கா,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீயே அளவு சொன்னேன்னு கேள்விப்பட்டேன். பெத்தவளுக்குத் தெரியாதான்னு நானும் சரின்னுட்டேன். உனக்கு ஏதோ தகவல் வந்திருக்கும்னு நெனச்சேன். வந்துச்சாக்கா?”

கீழே தீ பிடித்துக்கொண்டது. சாபித்ரா தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்று.