பதினோராம் பிரிவு

வெளிநாட்டுப் புறநகரான ரொம்சோஸில் உள்ள தமிழர் கழகத்தின் யாப்பை, அதாவது சட்டவிதிகளை, எழுதியவர் சத்தியபாமா. 2003ஆம் ஆண்டு வளர்ந்தோர் பள்ளியில் ஆங்கிலம் படித்தபோது, பாடப்புத்தகத்தில் அமெரிக்க அரசாட்சி பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. சட்டம் செய்வது ஒரு சபை, நடத்துவது ஜனாதிபதி, மீறப்பட்டதா என்று சொல்வது நீதிமன்றம். மூன்றும் ஒரு கையில் சேரக்கூடாது. அதை மூன்று தரம் வாசித்தார். நான்காம் தரம் பேனாவை எடுத்தார்.

"முப்பத்திரண்டு குடும்பத்துக்கு நீதிமன்றமோ? வெள்ளை மாளிகையும் கட்டுவமோ, அக்கா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டான் அவருடைய தம்பி குலேந்திரன். சபை சிரித்தது. ஆனாலும் பதினான்கு பிரிவுகளும் நிறைவேறின. பிணக்குத் தீர்க்க மூவர் கொண்ட நடுவர் குழு அமைந்தது. அதில் ஒருவராகச் சத்தியபாமாவையே போட்டார்கள்.

மூன்று வருடம் அந்தக் குழுவுக்கு வேலை இருக்கவில்லை. 2006 சித்திரையில் வந்தது. அப்போது குலேந்திரன்தான் கழகத் தலைவன். பெண்பிள்ளைகளின் கரப்பந்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய சனிக்கிழமை மண்டபத்தை யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். பயிற்றுநர் றெஜினோல்ட் கூட்டத்தில் எழும்பி, "ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?" என்றார். மறுநாளே தலைவனின் கடிதம் போனது: கழகத்திலிருந்து நீக்கம், மண்டபப் பூட்டின் திறப்பை ஒப்படைக்கவும். திறப்பும் பறிபோயிற்று.

இரண்டு கிழமையில் சுற்றுப்போட்டி. பயிற்றுநர் இல்லாமல் அணி இல்லை. றெஜினோல்ட் நடுவர் குழுவுக்கு முறையீடு எழுதினார்.

விசாரணை அன்று நடுவர்களில் ஒருவரான சற்குணம் முதலில் எழும்பினார். "பதினோராம் பிரிவின்படி சொந்தக்காரர் நடுவராய் இருக்கேலாது. தலைவர் என்ரை பெறாமகன். நான் விலகிறன்."

"எனக்கு அவர் சகலன்," என்று மற்ற நடுவர் ஞானரட்ணமும் எழும்பினார்.

சத்தியபாமாவுக்கு முகம் சுட்டது. அந்தப் பிரிவை எழுதியவரே அவர்தான். ஒரே ஊரிலிருந்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டு எடுத்து வந்து சேர்ந்த சனத்தில் சொந்தமில்லாத நடுவர் எங்கே கிடைப்பார் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அமெரிக்காவில் இருபத்தொன்பது கோடிப் பேர். இங்கே திரும்பின பக்கமெல்லாம் மச்சான்.

"நான் கூடப்பிறந்தவள்," என்று அவரும் கதிரையை விட்டு எழும்பினார்.

குலேந்திரன் சிரித்தான். "நீதிமன்றம் காலி. அப்ப தலைவற்றை முடிவுதானே முடிவு?"

மண்டபத்தில் அவனுக்குச் சொந்தமில்லாதவர் ஒருவர்தான்: மன்னாரிலிருந்து வந்த றெஜினோல்ட். அவர் கேட்டார்: "அக்கா, அந்தப் பிரிவு ஆரைக் காப்பாற்ற எழுதினது?"

"எதிர்ப்பக்கத்து ஆளை. இண்டைக்கு உம்மை."

"எனக்கு ஆட்சேபம் இல்லை. மூண்டு பேரும் இருங்கோ. தீர்ப்புப் பிழைச்சாலும் ஏற்கிறன்."

"தலைவருக்கு?"

"எனக்கென்ன, நீங்கள் என்ரை அக்காதானே," என்றான் குலேந்திரன். சபை சிரித்தது. சத்தியபாமா சிரிக்கவில்லை. இருவர் சம்மதத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"தலைவரே, ஒரு உறுப்பினரை நீக்கிற அதிகாரம் எந்தப் பிரிவிலை இருக்கு?"

குலேந்திரன் யாப்பைப் புரட்டினான். வெகுநேரம் புரட்டினான். "ஆறிலை."

"வாசியுங்கோ."

"பொதுக்கூட்டம், மூண்டிலை ரெண்டு பங்கு வாக்காலை..."

"நீங்கள் பொதுக்கூட்டமோ?"

அவன் கோபித்து எழும்பினால் பாதிச் சனம் பின்னால் போகும், கழகம் இரண்டாகும். அது சத்தியபாமாவுக்குத் தெரியும். தெரிந்தும், மற்ற இருவரோடும் குனிந்து கதைத்துவிட்டுச் சொன்னார்: "குற்றம் சாட்டினதும் நீங்கள், தீர்த்ததும் நீங்கள். நீக்கம் செல்லாது. மூண்டு பேருக்கும் ஒரே முடிவு."

குலேந்திரன் எழும்பினான். வாசல் பக்கம் திரும்பினான். பிறகு சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து, நேரே நடந்து போய் றெஜினோல்டின் கையில் வைத்தான்.

"எனக்கு இது விருப்பமில்லை," என்றான் எல்லோருக்கும் கேட்க. "ஆனால் நடத்திறது தலைவற்றை வேலை எண்டு யாப்பிலை கிடக்கு. நடத்திறன். சனிக்கிழமை பயிற்சி நடக்கும்."

சத்தியபாமா தீர்ப்புப் புத்தகத்தைத் திறந்தார். திகதி எழுதினார், பிரிவு எண் எழுதினார். "தீர்ப்பைத் தலைவர் திரு. குலேந்திரன் அவர்கள் அந்த இடத்திலேயே நிறைவேற்றினார்" என்று எழுதினார். தம்பியின் பெயருக்குப் பின்னால் அவர் 'அவர்கள்' போட்டது அதுதான் முதல் தடவை. போட்டுவிட்டு, மை காயும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.