தீவு கரை ஒட்டும் நாள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. எங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண், பினாங்குத் தீவின் சூலியா தெருக் கடையொன்றில் நாசி கண்டார் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னது. தாதிமை, அதாவது செவிலியர், படிப்பில் கடைசி ஆண்டு. மனநல வார்டில் மூன்று வாரப் பயிற்சியை அன்றுதான் முடித்திருந்தாள்.

"எழுதுங்க அண்ணே. ஆனா யாருன்னு தெரியக் கூடாது."

ஆகவே அவளை ஷேரன் என்கிறேன். அவள் சொந்த ஊரை நிபோங் திபால் என்று மாற்றிவிட்டேன். அவள் கவனித்துக்கொண்ட நோயாளிக்கு ராமதாஸ் என்று பெயர் வைத்தேன். முதல் வரைவில் அவரை வங்கிக் குமாஸ்தா ஆக்கியிருந்தேன். ஆனால் குமாஸ்தாவுக்குத் தீவு நகர்வது தெரியாது. அதனால் வேலையை மட்டும் உள்ளபடியே விட்டிருக்கிறேன்: தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர்.

2

அன்று மழை பெய்துகொண்டி—

(இல்லை. நல்ல வெயில். மழை நான் சேர்த்தது.)

மதியச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்த பிறகு வார்டு மெல்ல மிதக்கத் தொடங்கும். மின்விசிறிகள் எதையோ முணுமுணுக்கும். கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே கடல். அதற்கும் அப்பால் எதிர்க்கரைக் கிரேன்கள், வெயிலில் கரைந்து கரைந்து திரும்ப உருவாகும். ராமதாஸ் அந்த ஜன்னலோரம்தான் நாற்காலி போட்டிருப்பார். தாதிகள் எல்லாருமே அங்கே 'மிஸ்ஸி'தான்.

"மிஸ்ஸி, இன்னிக்கு எவ்ளோ நகர்ந்திருக்கு பாத்தியா?"

"எது அங்கிள்?"

"நாம இருக்கிற இந்தப் பினாங்குத் தீவுதான். தினம் கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கரைக்குப் போவுது. கிரேன் மேல இருந்து நான் பாத்திருக்கேன்லா."

இந்த மாதிரி நேரத்தில் ஆமாம் போடவும் கூடாது, வாதாடவும் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஷேரன் யோசித்துச் சொன்னாள்: "எனக்கு நகர்ற மாதிரி தெரியல அங்கிள். உங்களுக்கு அப்படித் தெரியும்போது எப்படி இருக்கு?"

அவர் முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "சந்தோஷமா இருக்கு. என் வீடு அந்தப் பக்கம்லா."

(இங்கே நிறுத்தியிருந்தால் இது ஓர் இனிய கதை.)

3

ஆறாம் நாள் அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு காட்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் அங்கிள்."

வாய் முந்திக்கொண்டது.

தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு காலுறை வந்தது. உள்ளே மாத்திரைகள். விழுங்கியதுபோல் காட்டி, நாக்கின் அடியில் ஒளித்துச் சேர்த்தவை. (எத்தனை என்று கேட்டேன். "எண்ணல அண்ணே.")

"இத சாப்ட்டா தீவு நின்னுடுது. அதான் சேத்து வெச்சிருக்கேன். கரையில ஒட்டுற அன்னிக்கு மொத்தத்தையும் போட்டா அங்கேயே நின்னுடும். நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்."

"எப்ப ஒட்டும் அங்கிள்?"

"நாளைக்கு."

ஒரு கணம் அவளுக்கும் கடல் குறுகிவிட்டதாகத் தோன்றியதாம். எழுதும்போது எனக்கும் தோன்றுகிறது.

4

இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வார்டு சிஸ்டர் ஷஹீதாவிடம் ரகசியமாகச் சொல்லிவிடுகிறாள். யார் சொன்னதென்று ராமதாஸுக்குத் தெரியாமலே போகிறது. மற்றதில் வாக்கைக் காப்பாற்றுகிறாள். அதை மூன்று வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

நடந்தது இது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அங்கிள், நான் தப்பு பண்ணிட்டேன். அந்தப் பிராமிஸ நான் குடுத்திருக்கக் கூடாது. இத சிஸ்டர்கிட்ட சொல்லியே ஆகணும்."

"இப்பதானே சொல்ல மாட்டேன்னு சொன்ன?"

"ஆமா. மொத்தமா போட்டீங்கன்னா நீங்க செத்துடுவீங்க அங்கிள். வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்."

அவர் காலுறையை அவள் மடியில் போட்டார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் இருந்த இடத்திலிருந்தே சிஸ்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்தார். மருந்து மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் ராமதாஸ் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

(பயிற்சிக் குறிப்பில் 'தாதியின் உணர்வு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் எழுதியது: சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னேன்.)

5

அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. தினமும் மூன்று மணிக்கு அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேச வேணாம் அங்கிள். பத்து நிமிஷம் இருந்துட்டுப் போறேன்." எழும்போது "நாளைக்கு வர்றேன்" என்பாள். சொன்னபடி வருவாள். ஒரு நாள் அவர் நாற்காலி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்காகவா, கடலுக்காகவா, தெரியாது.

கடைசி நாள் அவர் புன்னகைத்தார் என்று எழுதி அடித்தேன். அழுதார் என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசி நாள் அவர் அங்கே இல்லை. ஓரளவு தேறியிருந்ததால் காலையிலேயே அவர் தம்பி வந்து வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்.

ஷேரன் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டிலில் படுத்திருந்த இக்மல், அரைத் தூக்கத்தில், மலாயில் அழைத்தார்.

"மிஸ்ஸி, ராமதாஸ் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு அபாங்?" மலாயில் அண்ணன் என்றுதான் அவரை அழைப்பாள்.

இக்மல் நெற்றியைத் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். "மறந்துட்டேனே."

"திட்டினாரா?"

"தெரியல மிஸ்ஸி. ஆனா நீளமா ஒண்ணும் இல்ல. ரெண்டே வார்த்தைதான்."

அந்த இரண்டு வார்த்தையை எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் என் குரல்தான் வந்தது. அவர் குரல் வரவில்லை. இவ்வளவு தூரம் நீங்களும் அவரைக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

"………… …………, மிஸ்ஸி."