இடிக்கப்பட்ட தெருவில் ஒரு மாமியார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்குப் பதினான்காம் எண் பேருந்து, நாற்பத்தொரு பயணிகளோடு, முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்ட ஆலைத் தெருவுக்குள் நுழைந்தது. தெரு முழுசாக இருந்தது. ஆலைச் சங்கு ஊதியது, மாடிகளில் ஈரத்துணி சொட்டியது, சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டு பேர் இறங்கிச் சவரம் செய்துகொண்டார்கள். ஒரு பெண், எப்போதோ செத்துப்போன தோழியை ஜன்னலில் பார்த்துக் கையசைத்தாள். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பாலத்தடியில் பேருந்து வெளியே வந்தபோது சிலர் அழுதார்கள், சிலர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று திட்டினார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பி, "எங்க போகணும்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றார். இல்லாத தெருவுக்குப் போய்வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் அந்த ஒரு கேள்வியில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

ஓட்டுநரின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். செய்தி சொல்ல நடத்துனரே கடைக்கு வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஏழு மாசமா நான்தான் திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிட்டு வர்றேன். இடதுண்ணே, வலதுண்ணேன்னு. இன்னிக்குக் கூட்டம், டிக்கெட் கொடுக்கப் பின்னால போயிட்டேன்."

"ஏழு மாசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"அண்ணன் வேலை போயிடுமேன்னுதான்க்கா..."

அவள் கையில் இருந்த கண்ணாடி வில்லை கீழே விழுந்தது. நடத்துனரைத் திட்ட வாயெடுத்தவள் குனிந்து அதை எடுத்தாள். ஏழு மாதம் அவர் மறைத்தார் என்றால், இரண்டு வருடம் அவளே மறைத்திருக்கிறாள். ஒரே மாலையில் மூன்று முறை "பொண்ணு போன் பண்ணினாளா?" என்று கேட்டதும், சர்க்கரை டப்பா பீரோவுக்குள் கிடைத்ததும், முடிவெட்டப் போனவர் இரண்டு தெரு தாண்டி வீடு வர ஒன்றரை மணி நேரம் ஆனதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் சிரித்து, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் என்று மூடியிருந்தாள். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவளுக்கு வீட்டுக்குள் நடந்தது கண்ணில் படவில்லை.

நரம்பு மருத்துவர் ரத்தம் பார்த்தார், மூளையைப் படம் எடுத்தார், ஐந்து சொற்களைச் சொல்லிப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஓட்டுநரால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. "நரை விழற மாதிரி தானா வர்றது இல்லம்மா இது. நோய். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா வேகத்தைக் குறைக்கவாவது பார்த்திருக்கலாம்" என்றார் மருத்துவர். அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துப் பல மாதம் அங்கேயே இருந்தது.

வேலையை விட்ட ஓட்டுநர் தினமும் மாலை நாலு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்பார். "இதுதாங்க வீடு" என்று அவள் கதவை மறித்தால் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவார். குளிக்க வைப்பது அதைவிடப் பெரும்பாடு. ஒருமுறை தலையில் தண்ணீர் பட்டதும் கை ஓங்கி அறைந்துவிட்டார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவள்மேல் கை வைக்காத மனிதர். அவளுக்குக் கன்னத்தைவிட மனசுதான் வலித்தது. மருத்துவர், "தடுக்காதீங்க, வாதாடாதீங்க, கூடவே நடங்க" என்றார். மறுநாள் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாலத்தின் மூன்றாவது தூணைத் தாண்டியதும் ஆலைத் தெரு வந்தது. ஓட்டுநர் விறுவிறுவென்று நடந்து ஒரு பச்சைக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டதால் மனைவி படத்தில் மட்டுமே பார்த்திருந்த மாமியார். ஆலையில் நூல் சுற்றும் அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, வாசலில் நின்ற மகனுக்கு ஐம்பத்தேழு.

"ஐயோ, என் புள்ளைக்கு ஏன் இவ்வளவு நரை?" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு மனைவியைப் பார்த்து, "நீ யாரும்மா?"

"இவரைப் பாத்துக்கறவ, அத்தை."

தாய்க்காரி மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே வழிவிட்டாள். அன்றைக்குச் சட்டைக் காலரில் இருந்த அழுக்கைப் பார்த்துக் குளியல் கதையைக் கேட்டதும், "தலையில இருந்து ஆரம்பிச்சா சின்னதுலயே மிரளுவான். காலுக்கு ஊத்து, அப்புறம் முட்டிக்கு. சொம்பை அவன் கையிலேயே கொடு" என்றாள். அப்படியே செய்ததில் வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது. அதன்பின் நாலு மணியானால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டார் கேட்டால், மாமியார் வீட்டுக்கு என்பாள். அவர்களும் தலையாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாம் மாதம் ஒருநாள் மாமியார் முறத்தில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பேச்சுவாக்கில் குனிந்து பார்த்தாள். பருப்பெல்லாம் தரையில் கிடந்தது, கற்கள் மட்டும் முறத்தில் பத்திரமாக இருந்தன. "என்னத்தை இது?" என்றதும் மாமியார் சிரித்தாள். "போன வாரத்துல இருந்தே இப்படித்தான். வயசாகுதில்ல."

மருமகள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கால் வழுக்கி ஏரியில் விழுந்துதான் மாமியார் இறந்தாள் என்று குடும்பத்தில் சொல்வார்கள். முப்பத்தொரு வருடமாக அவளும் அதைக் கேட்டு உச்சுக்கொட்டியிருக்கிறாள். ஆலை அந்தத் தெருமுனையில்தான் இருந்தது, ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே தெரிந்தது. ஏரியோ ஊரின் மறுகோடியில். ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஏரியே கிடையாது.

"செருப்பைப் போடுங்க அத்தை."

"எங்க?"

"ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

"எனக்கு என்ன கேடு? ஜுரம்கூட இல்லையே!"

மூன்று நாளாக ஒரு வாக்கியம்கூடப் பேசாத மகன் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "வாம்மா. எனக்கு வழி தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. ஒரு திருப்பத்தில்கூடத் தயங்கவில்லை. மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் இரண்டு பிறந்த வருடங்களையும் பார்த்து, "இதுல யாருக்கு யார் அம்மா?" என்று ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டார். மருத்துவர் எத்தனை நாளாக என்றார். "ஒரு வாரம்" என்றாள் மருமகள். அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வாரத்துலயா? இவ்வளவு சீக்கிரமா இதுக்குன்னு யாரும் இங்க வந்ததில்லம்மா."

மாமியார் அதன்பின் திரும்பிப் போகவில்லை. பின்னறையில் இருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், காலையில் மகனைத் தானே குளிப்பாட்டுகிறாள். தனக்கு என்ன வரப்போகிறது என்று மருத்துவரிடமே முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, புத்தி தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள் என்று மருமகளை உட்கார வைத்தாள். நான் கத்தினால் பதிலுக்குக் கத்தாதே, ஜன்னலைத் திறந்துவிடு. இருட்டறையில் படுக்க வைக்காதே. இப்படிப் பன்னிரண்டு சொன்னாள்.

"பதிமூணு. உன்னை யாருன்னு நான் கேட்டா, மருமகள்னு சொல்லிடாத. என் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேன்னு சண்டைக்கு வருவேன். தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லு, போதும்."

மருமகள் எழுதிக்கொண்டாள்.