குழு எண்ணுக்குப் பதில் வராது

வீணா கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, பள்ளிக்கூடத்தில் சென்னைக்கு அழைத்துப் போனபோது. அப்படிப்பட்டவளுக்குச் சோறு போட்டது கடல்தான். கடலே இல்லாத பெங்களூரில், மகாதேவபுராவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ உல்லாசப் படகு வைத்திருக்கும் சீமான்களுக்கு அவர்களுடைய ரேடியோவை எப்படி இயக்குவதென்று கணினிச் சாட்டில் எழுதிச் சொல்லித் தருவது அவள் உத்தியோகம். முதலில் சிரிப்பாக இருந்தது. மூன்று வருஷத்தில் சிரிப்பு போய்விட்டது, சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வருகிற கேள்விகளில் பாதி குழு எண்ணைப் பற்றியவை. ஒவ்வொரு படகு ரேடியோவுக்கும் ஒன்பது இலக்கத்தில் ஒரு சொந்த எண் உண்டு. நாலு சிநேகிதர்கள் நாலு படகில் ஊர் சுற்றக் கிளம்பினால், நாலு ரேடியோவிலும் பூஜ்ஜியத்தில் தொடங்கும் இன்னொரு எண்ணைப் பொதுவாகப் போட்டுக்கொள்வார்கள். அதுதான் குழு எண். ஒருவர் பட்டனை அழுத்தினால் எல்லாப் படகிலும் மணி அடிக்கும். ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு படகை அதன் சொந்த எண்ணில் கூப்பிட்டால், அழைப்பு வந்து சேர்ந்தது என்று அந்தப் படகின் ரேடியோ பதில் அனுப்பும். குழு எண்ணில் கூப்பிட்டால் ஒரு ரேடியோவும் பதில் அனுப்பாது. யாராவது மைக்கை எடுத்து வாயைத் திறந்து பேசினால்தான் உண்டு. யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பது கூப்பிட்டவருக்குத் தெரியவே தெரியாது. இது புரியாமல், ரேடியோ கெட்டுவிட்டது, காசைத் திருப்பிக் கொடு என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கென்று வீணாவின் விரல்களுக்கே மனப்பாடமான ஒரு பதில் இருந்தது. ‘குழு அழைப்புக்குப் பதில் வராது. கேட்டார்களா என்று கட்டாயம் தெரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு படகையும் அதன் சொந்த எண்ணில் தனித்தனியாகக் கூப்பிடவும்.’

வீட்டில் அவளும் அம்மா லட்சுமம்மாவும் மட்டும்தான். மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் வீடு. அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் ஏதாவது வயிற்றில் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. அதனால் டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் வீணா முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்பதைத்தான். அம்மாவும் அலுக்காமல், “தின்னுட்டேன்டி, நீ தின்னியா?” என்பாள். வேலை செய்யும் தளத்தில் போன் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. இடைவேளைக்கு இடைவேளைதான் அம்மா.

அன்றைக்குக் காலையில் வீணாவுக்கு நேரமாகிவிட்டது. தோசை மாவு இருக்கிறது, ரெண்டு ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். இடைவேளையில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. குளிக்கிறாளோ, குழாயடியில் இருக்கிறாளோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை.

சந்து முனையிலேயே சித்தப்பா மகன் நரேஷ் மொபைல் கடை வைத்திருக்கிறான். பக்கத்துத் தெருவில் பெருமாள்சாமி மாமா, அம்மாவின் தம்பி. யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் ரெண்டு தடவை நரேஷை அனுப்பி, ரெண்டு தடவையும் அம்மா டிவி பார்த்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்திருந்தாள். ரெண்டாவது தடவை அவன் குரலில் ஒரு சலிப்பு தெரிந்தது, அல்லது தெரிந்ததாக வீணாவுக்குத் தோன்றியது. மாமாவைக் கூப்பிட்டாலோ, பெற்றவளைத் தனியாக விட்டுவிட்டு அப்படி என்ன வேலை என்று ஆரம்பித்துவிடுவார். யாரிடமும் கேட்காமல் கேட்கும் வழி ஒன்றிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ‘அம்மா போன் எடுக்கல. யாராவது கொஞ்சம் போய் பாருங்க.’

குழுவில் பதினாலு பேர். ஒரு நிமிஷத்துக்குள் மாமா ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அத்தை கைகூப்பினாள். நரேஷ் செய்தியைப் பார்த்துவிட்டான் என்பதும் தெரிந்தது. வீணாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. டீம் லீடர் ஷ்ரேயாஸ் கதவோரம் வந்து கடிகாரத்தைப் பார்த்தான். அவள் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். அந்தச் சாவியைத் திருகிய கையை அவள் பிற்பாடு எத்தனை முறை பார்த்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெரியவர் சாட்டில் வந்தார். ஐந்து படகுகளாகக் கிளம்பியவர்களாம். நல்ல மூடுபனி, குழு எண்ணில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார், ஒரு பதிலும் இல்லை. ரேடியோவில் கோளாறா என்று கேட்டார். கோளாறில்லை என்று அவளுடைய விரல்கள் மனப்பாடத்தை அடித்தன. அவர் விடவில்லை. மற்ற நாலு பேரில் யாராவது ஒருவர் பதில் சொல்வார் என்றல்லவா நினைத்தேன், என்று எழுதினார். அதற்கும் மனப்பாடத்தில் பதில் உண்டு. அடுத்தவர் பேசுவார் என்று ஒவ்வொருவரும் சும்மா இருந்துவிடக் கூடும் என்று அடித்துக்கொண்டிருந்தவள், வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஷ்ரேயாஸ் தடுப்பான் என்று நினைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த அவன், “ஹோகு வீணா, நான் நோட்கொள்தீனி,” என்று அந்தப் பெரியவரைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கன்னடத்தில் சொல்லி வழியை விட்டான்.

லாக்கரைத் திறந்து பார்த்தாள். குழுவில் அந்தக் கட்டைவிரலுக்கும் கைகூப்பலுக்கும் கீழே அத்தை ஒரு சாம்பார் வீடியோவைப் போட்டிருந்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நரேஷைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நரேஷ், அம்மாவ போய் பாத்தியாடா?”

“இல்லக்கா. மாமா தம்ஸ்அப் போட்டாரே, அவரு போயிருப்பாருன்னு...”

“ஓடுடா.”

அவன் ஓடினான். கடையைக்கூடச் சாத்தவில்லை. போன் காதிலேயே இருந்தது. அவன் மூச்சு வாங்குவதும், கதவைத் தட்டுவதும், பிறகு தட்டாமல் தள்ளித் திறப்பதும் வீணாவுக்குக் கேட்டன. அப்புறம், “பெரிம்மா, பெரிம்மா,” என்று அவன் மெதுவாகக் கூப்பிடுவது கேட்டது. பதில் வரவில்லை.

அடுப்படியில் விழுந்து கிடந்தாளாம். தோசைக்கல்லில் பாதி வெந்த ஒரு தோசை ஒட்டிக்கொண்டிருந்தது. கேஸ் தீர்ந்துபோயிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் தீர்ந்திருக்க வேண்டும். சர்க்கரை டப்பாவைக் கீழே இறக்கியிருக்கிறாள், மூடியைத் திறக்க மட்டும் சத்து இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. சர்க்கரை இறங்கி ரொம்ப நேரம் ஆகிவிட்டது, காலையிலேயே யாராவது பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடை சந்து முனையிலேயே இருக்கிறது, நரேஷ் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன், படித்துவிட்டேன் என்று தெரியட்டும் என்றுதான் விரலைப் போட்டேன், என்றார். அது பொய்யில்லை. அவர் கல்யாணப் பத்திரிகைக்கும் அதைத்தான் போடுவார், காலை வணக்கத்துக்கும் அதைத்தான் போடுவார். வீணாவுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வரவில்லை. கோபப்பட ஒருவர் கிடைத்திருந்தால் அன்று இரவு கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பாள்.

சவக்கிடங்கு வாசலில் நரேஷ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல போயிருப்பேனே.”

குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குத் தாங்கவில்லை, அதனால் சொன்னான்.

“தெரியும்டா,” என்றாள் வீணா. “மூணு வருஷமா ஊருக்கெல்லாம் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

அவனுக்கு அது விளங்கவில்லை. சொந்தக்காரர்களுக்குக் குழுவில் தகவல் போட்டுவிடட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லாரும் எடுத்தார்கள். எல்லாரும் உடனே கிளம்பினார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் பெரியத்தைகூட அரை மணியில் பஸ் ஏறிவிட்டாள். இவ்வளவு சுலபமா இது என்று நினைத்தபோதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். திரும்பாமல் என்ன செய்வது. டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட ஆளில்லை. மறுபடி வைத்துப் பூட்டுவாள்.

ஒரு நாள் புதிதாக ஒருவர் வந்தார். மூன்று படகு, குழு எண் எல்லாவற்றிலும் சரியாகப் போட்டாயிற்று, கூப்பிட்டால் பதில் இல்லை, கேட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றார். வீணா அந்த மனப்பாடத்தை அடித்தாள். அடித்து முடித்துவிட்டு, அதில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள். ‘தயவுசெய்து இப்போதே கூப்பிடுங்கள், ஒவ்வொருவராக.’

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு சாட்டை மூடிவிட்டார்.