பரண்மேல் ஒரு வெல்வெட் உறை

யூனிஸ் வீட்டில் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு இருந்ததில்லை. மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த பாவாடை. டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பாலிதீன் பைக்குள்தான் வாசம். ரிமோட்டின் பையைத் தவிர மற்றதெல்லாம் அவள் கையால் தைத்தவை. செகந்திராபாத்தில் அவள் போகும் சர்ச்சில் பாதிப் பெண்கள் வீட்டு மிக்சிகள் அவள் தைத்த உறையைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. மூடாத மிக்சி வைத்திருப்பவர்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வாய் திறந்து சொல்லமாட்டாள், ஆனால் முகம் சொல்லிவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பது வயதில் ஒரு வேலை கிடைத்தது. கச்சிபௌலியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பல் மருத்துவமனைக் கம்பெனி, சென்னையிலிருந்து கூப்பிடும் நோயாளிகளிடம் தமிழில் பேசி டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க ஆள் தேடியது. வீட்டிலிருந்தே பேசலாம். ஒரே நிபந்தனை, பேச்சின் நடுவே நெட் அறுந்துபோகக் கூடாது.

"பேசறதுக்கா சம்பளம்? எனக்கு இத்தனை வருஷம் ஃப்ரீயால்ல குடுத்துட்ட!" என்றார் அவள் கணவர் ரூஃபஸ். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். யூனிஸும் சேர்ந்து சிரித்தாள். மனசுக்குள் மட்டும், கல்யாணமான பிறகு தன் பெயருக்கென்று வந்திருக்கும் முதல் வேலை இது என்ற நினைப்பு இனித்துக்கொண்டே இருந்தது.

நெட் இணைப்புக் கொடுக்க சாய்குமார் என்ற பையன் வந்தான். கறுப்பாக, நாலு கொம்பு முளைத்த பெட்டியை ஹாலில் வைக்கப் போனவனை யூனிஸ் தடுத்துவிட்டாள்.

"ஹால்ல நக்கோ பாபு. நாலு பேர் வர்ற இடம். மேல பரண்ல வெச்சிடு."

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் எரியவிடுவதற்காகப் பரணில் ஏற்கெனவே பிளக் பாயிண்ட் போட்டிருந்தார்கள். சாய்குமார் நிமிர்ந்து பரணுக்கு மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தான்.

"மேல ரொம்ப வேடி ஆன்ட்டி. எண்டாகாலம் வந்தா காயும்."

"வெயிலு, சூடெல்லாம் நமக்குத்தான். பெட்டிக்கு என்ன, வேர்க்கவா போகுது?"

அவன் ஏணியைப் போட்டான். ஏறி, பெட்டியைப் பொருத்தி, குளித்தவனைப் போல நனைந்து இறங்கினான். யூனிஸ் பெரிய டம்ளரில் மோர் கொடுத்தாள். நீளமாக மிச்சமிருந்த கேபிளை வெட்டாமல், பின்னால் உதவும் என்று பரணிலேயே சுருட்டி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் யூனிஸ் தையல் மெஷினின் உறையைக் கழற்றினாள். பரணில் தூசி கொஞ்சநஞ்சமா? மரூன் நிற வெல்வெட், உள்ளே பஞ்சு, முன்னால் ஒரு பொத்தான், நாலு கொம்புக்கும் தனித்தனியாக நாலு குல்லாய். புதிதாகத் தைத்துப் பெட்டிக்கு மாட்டிவிட்டு ஏணியிலேயே நின்று அழகு பார்த்தாள்.

மார்ச்சும் ஏப்ரலும் நன்றாகவே போயின. மே பிறந்ததும் சனியன் பிடித்தது. காலையில் ஒழுங்காக ஓடும் நெட், மத்தியான வெயில் ஏறியதும் செத்துவிடும். பொழுது சாய்ந்தால் தானே உயிர் பெறும். புகார் கொடுத்தால் சாய்குமார் மறுநாள் காலையில்தான் வருவான். அவன் வருவதற்கு முன்பே யூனிஸ் ஏறி வெல்வெட்டைக் கழற்றி மடித்து வைத்துவிடுவாள், பையனின் எண்ணெய்க் கை பட்டால் கறை போகாதே! அவன் பார்ப்பான், பெட்டி சமர்த்தாக வேலை செய்யும், தலையைச் சொறிந்துகொண்டு போவான். அவன் தெருமுனை தாண்டியதும் யூனிஸ் மறுபடி ஏறி மாட்டிவிடுவாள். அப்புறம் சர்ச்சிலும் மார்க்கெட்டிலும் அந்த நெட் கம்பெனியின் மானத்தைக் கப்பலேற்றுவாள்.

ஒரு நாள் அவளுடைய மேலதிகாரி ஹர்ஷிதாவே கூப்பிட்டாள். சின்னப் பெண், மரியாதையானவள்.

"நாளைக்கு மத்தியானம் உங்க லைன்ல நானும் கேட்டுட்டிருப்பேன் மேடம். நாளைக்கும் கட் ஆச்சுன்னா, உங்க சீட்டை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. சாரி."

யூனிஸ் இதைச் சொன்னதும் ரூஃபஸ் அவள் தோளைத் தட்டினார். "போனா போவட்டும் விடு. எதுக்கு இந்த ரோதனை? நான் சம்பாதிக்கலையா?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "நீங்க சம்பாதிக்கிறது உங்க வேலை. இது என் வேலை. எனக்கு வேணும்," என்றாள். ரூஃபஸ் டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் சாப்பாடு முடிந்து, அவள் ஹெட்செட்டை அதன் பையிலிருந்து எடுப்பதற்குள்ளேயே நெட் போய்விட்டது. சாய்குமாருக்குப் போன் போட்டால் சாயங்காலம் வருகிறேன் என்றான். சாயங்காலம் வந்து யாருக்கு என்ன லாபம்? யூனிஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

பரணுக்குள் தலையை நீட்டியதுமே மூச்சு முட்டியது. இந்த நேரத்தில் அவள் இங்கே ஏறியதே இல்லை. உறையின் பொத்தானைத் தொட்டாள், சுட்டது. வெல்வெட்டை உருவிக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டவள், தோசைக்கல்லில் கை வைத்தவளைப் போல விரலை உதறினாள்.

சாய்குமார் வந்த காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. ஒவ்வொரு தடவையும் பெட்டி உறையில்லாமல், ஜிலுஜிலுவென்று காற்று வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. கழற்றி வைத்தது அவள்தான். அவன் போனதும் மறுபடி கம்பளி போர்த்தியதும் அவள்தான். தன் தலையில் தானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"என்னங்க! எந்திரிங்க! அடுப்படியில பிடிதுணி எடுத்துட்டு வாங்க!"

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ரூஃபஸ், லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். கொதிக்கும் சோற்றுப்பானையை இறக்குவது போல அவள் பெட்டியைத் துணியில் பிடித்து இறக்கினாள். சுருட்டி வைத்திருந்த கேபிள் ஹால் வரைக்கும் தாராளமாக வந்தது.

"ஹால்லயா?" என்றார் ரூஃபஸ், நம்ப முடியாமல்.

"ஹால்லதான்."

டிவி மேஜையின் பூவேலை விரிப்பை இழுத்து எறிந்துவிட்டு, வெறும் பலகையில் பெட்டியை வைத்து பிளக்கைச் செருகினாள். விளக்கு சிவப்பாகவே நின்றது. ரூஃபஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரிலிருந்த சர்ச் காலண்டரை அட்டையோடு கழற்றினார். மேஜைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். விளக்கு கண்ணைச் சிமிட்டியது, பிறகு பச்சையானது.

தாம்பரத்திலிருந்து ஒரு பெரியவர், கடைவாய்ப் பல் வலி. யூனிஸின் தலையெல்லாம் ஒட்டடை, முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. குரல் மட்டும் இப்போதுதான் குளித்துப் பவுடர் போட்டது போல வந்தது. "கவலைப்படாதீங்க ஐயா, நாளைக்குக் காலையிலயே டாக்டரைப் பார்த்துடலாம்." அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது என்று மத்தியானம் முழுக்கப் பேசினாள். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.

கடைசியில் ஹர்ஷிதா லைனில் வந்தாள். "சூப்பர் மேடம். நாளையிலேருந்து உங்க சீட் பர்மனென்ட். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பின்னாடி படபடன்னு என்ன சத்தம்?"

"என் வீட்டுக்காரரும்மா. நெட்டுக்கு விசிறிக்கிட்டிருக்காரு."

ரூஃபஸ் அப்போதுதான் கையை நிறுத்தினார். "எதுல கோளாறாம்?" என்று கேட்டார்.

"வெயில்," என்றாள் யூனிஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஹவ் ஹவ், வெயில்தான்," என்று அவரும் தலையாட்டினார். அன்று சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஏணிக்குப் பக்கத்தில் கிடந்த வெல்வெட் உறையை யூனிஸ் தேடினாள். காணவில்லை.

மறுநாள் காலை ரூஃபஸ் வீடு திரும்பி, பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மரூன் வெல்வெட், பொத்தான் போட்டு, நாலு குல்லாயும் காலியாகத் தொங்க, கேரியருக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"நடுராத்திரில திறந்தேன் யூனிஸ். சாம்பார்ல ஆவி பறக்குது. நாக்கு சுட்டுப்போச்சு."

யூனிஸ் கேரியரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்து நாலு குல்லாயையும் நறுக்கித் தள்ளினாள்.

"இதோட போனா ஒர்க்‌ஷாப்ல சிரிப்பாங்க," என்றாள். டிவி மேஜையில் பெட்டி வெறும் உடம்போடு பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையில் உட்கார்ந்தாள்.