பட்டியலில் இல்லாத தளம்

மற்ற சபை ஊழியர்கள் அந்தப் போதகரைப் பட்டியல் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதம் ஒருமுறை சுற்றுவட்டாரத்துச் சபைகளின் போதகர்கள் பதினைந்து பேர் கூடும்போது, ஊழியத்துக்குப் பயன்படும் இணையதளங்களின் பட்டியல் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்து ஆளுக்கொரு பிரதி கொடுப்பார். வேதாகமத்தின் மூலமொழிச் சொல்லுக்கு அர்த்தம் தேட ஒரு தளம், மறந்துபோன பழைய பாட்டுகளின் ராகத்தைக் கேட்டுப் பழக ஒன்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் படங்களுக்கு ஒன்று. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் என்ன பேசலாம், என்ன பேசவே கூடாது என்று சொல்லித் தரும் தளமும் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவரே இரண்டு வரி எழுதியிருப்பார். "இதில் விளம்பரம் அதிகம். கண்டதையும் அழுத்திவிடாதீர்கள்" என்று எச்சரிக்கையும் வரும். இணையம் என்றாலே மிரண்டுபோகும் வயதானவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் எங்கே தொட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுப்பார். அந்த நல்ல பெயர் சும்மா வந்ததில்லை.

ஆனால் அவர் அதிகம் பயன்படுத்திய தளம் அந்தப் பட்டியலில் இல்லை.

அது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்தப் பிரசங்கங்கள் உள்ள தளம். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம், வருடப்பிறப்பு என்று எதற்குத் தேடினாலும் கிடைக்கும். ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது அங்கிருந்து ஒன்றை எடுத்து மறுநாள் பேசினார். அன்று ஆலய வாசலில் கைகுலுக்கியவர்கள் வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாகக் கையைப் பிடித்திருந்தார்கள். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, பழக்கம் விடவில்லை. கூட்டங்கள், கட்டடக் குழு, சபைக்குள் மூண்ட சண்டைகளைத் தீர்த்துவைப்பது என்று வாரம் ஓடிவிடும். சனிக்கிழமை மதியம் மேசையில் உட்கார்ந்தால் அவருக்குள்ளிருந்து ஒரு வார்த்தையும் வராது. கிணற்றில் வாளியை விட்டால் தரை தட்டுகிற மாதிரி இருந்தது. தளத்தைத் திறப்பார்.

சபையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். மனைவி இறந்தபின் ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில் முதுகெலும்பில் நோய் வந்தது. கால்கள் விழுந்துவிட்டன. இரண்டு வருடம் படுக்கையும் மருத்துவமனையுமாகக் கிடந்து, பதினோரு வயதில் போய்விட்டாள். அந்த இரண்டு வருடத்தில் போதகர் மூன்று முறை பார்க்கப் போனார். மூன்று முறையும் ஜெபித்துவிட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பினார்.

அடக்க ஆராதனையில் அவர் பேசியது எல்லோரையும் உலுக்கிவிட்டது. டிரைவரோடு பணிபுரியும் கண்டக்டர்கள், அதுவரை ஆலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள், பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து டிரைவர் வந்து, அன்று பேசியதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். தினமும் டூட்டிக்குப் போகும் முன் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்றார்.  போதகருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அச்செடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

டிரைவர் இருபது நாள் அதை வாசித்தார். இருபத்தோராம் நாள் காலையில் காக்கிச் சட்டையோடு ஆலய அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மடித்து மடித்து நைந்துபோன தாளை மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஐயா, இந்தப் பிள்ளை ஓடி விளையாடிய வாசல் இன்று வெறிச்சோடிக் கிடக்கிறதுன்னு சொல்லியிருக்கீங்க. என் பொண்ணு ரெண்டு வருஷமா எழுந்து நிக்கலை. எங்களுக்கு வாசலும் கிடையாது, மூணாவது மாடி. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றார் போதகர்.

"முதல்ல நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். என் தங்கச்சிதான் அந்த வரியை ஃபோன்ல தேடினா. மொத்தமும் அப்படியே வந்துச்சு. பேரு வர்ற இடத்துல எல்லாம் ஒரு கோடு போட்டிருந்தாங்க. அந்தக் கோட்டு மேல என் பொண்ணு பேரை எழுதியிருக்கீங்க."

வேலைப்பளு, களைப்பு, எல்லோரும் செய்வதுதான் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. போதகர் தப்புதான் என்று மட்டும் சொன்னார். 

"நல்லா பேச வராட்டி என்ன ஐயா? எங்க பக்கத்துல சும்மா நின்னிருக்கலாம்."

தாளை மேசையிலேயே விட்டுவிட்டு டிரைவர் இறங்கிப் போனார்.

அன்று மதியம், பள்ளி அலுவலகத்தில் வேலை முடிந்து வந்த மனைவியிடம் போதகர் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி ஆச்சரியப்படவே இல்லை. கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்பவோ தெரியும். இருபத்தஞ்சு வருஷம் கூட இருக்கேன், எது உங்க வார்த்தை, எது இல்லைன்னு எனக்குத் தெரியாதா? ஒருநாள் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். பிறகு, தானும் வாயை மூடிக்கொண்டு கூட்டுச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி அழுதார்.

அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்க மேடையில் ஏறாமல், கீழே முதல் வரிசைக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னார். ஆறு வருடக் கதையையும் மறைக்காமல் சொன்னார். டிரைவர் வரவில்லை. சொல்லி முடித்ததும் சபை இடிந்து விழும் என்று எதிர்பார்த்திருந்தார்; அப்படி எதுவும் நடக்கவில்லை. சிலர் தோளைத் தட்டி, இதெல்லாம் ஒரு விஷயமா ஐயா என்றார்கள். அது அவருக்குத் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், தன் மனைவியின் அடக்கத்தில் பேசியதும் அங்கிருந்துதானா என்று கேட்டார். ஆமாம் என்றார் போதகர். அந்த உறுப்பினரின் குடும்பம் அதோடு வேறு சபைக்குப் போய்விட்டது. அவர்கள் பின்னாலேயே இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் போயின.

மாதக் கூட்டத்திலும் சொன்னார். பதினான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் ஜெபித்து முடித்துவைத்தார். வெளியே வரும்போது, நரைத்த தலையோடு ஒரு போதகர் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், தாழ்ந்த குரலில் அந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டார். போதகர் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். 

அதன்பிறகு டிரைவரைத் தேடிப் போனார். வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை முற்பகல் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறி, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தார். எல்லோரும் இறங்கியதும் கண்டக்டர் டீ குடிக்கப் போனார். டிரைவர் கண்ணாடியில் போதகரைப் பார்த்தார், திரும்பவில்லை.

மன்னிப்புக் கேட்க வரவில்லை, உங்கள் மகளைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்றார் போதகர்.

ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே டிரைவர் பேசினார். மகளுக்கு எல்லா பஸ் ரூட்டும் நம்பரோடு மனப்பாடம். ஊசி போட வரும் நர்ஸிடம் எந்த பஸ்ஸில் வந்தாய், ஏன் அதில் வந்தாய், இதில் வந்திருந்தால் பத்து நிமிடம் மிச்சம் என்று சண்டை பிடிப்பாள். கடைசி மாதம் அவளுக்குக் கோபம் அதிகமாகிவிட்டது. சாமி கும்பிட மாட்டேன் என்றாள். யாரையும் கூப்பிட்டு ஜெபிக்க வைக்காதே என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அதை உங்ககிட்ட சொல்ல பயந்தேன். நீங்க அடுத்த தடவை வந்தா சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க வரலை."

 அவளுடைய ஓராண்டு நினைவுநாளில் வரலாமா என்று போதகர் கேட்டார்.

"வேணாம் ஐயா. எனக்கு இன்னும் ஆறலை."

கண்டக்டர் ஏறி விசில் கொடுத்தார். திரும்பும் வழியில் போதகர் பாதியில் இறங்கி நடந்தார். அடுத்த மாதம் டிரைவர் வேறு டெப்போவுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவருடைய தங்கைதான் சொன்னாள்.

போதகர் இப்போது சொந்தமாகத்தான் எழுதுகிறார். ஏழு நிமிடத்துக்கு மேல் வருவதில்லை. அதிலும் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார். பெஞ்சுகள் பாதி காலி. செவ்வாயும் வெள்ளியும் மதியம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போகிறார். பேசச் சொன்னால் பேசுகிறார், வேண்டாம் என்றால் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ஒரு தாய் அவரை வெளியே போகச் சொன்னாள். வராந்தாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, பார்வையாளர் நேரம் முடியும் வரை இருந்துவிட்டு வந்தார்.