பாலம் வரைக்கும் பொய்

கிதிராலியின் அப்பா இறந்த செய்தி மெலிஸின் கைபேசிக்கு வந்தபோது, நான் ஓநாய்க் கதையின் பாதியில் இருந்தேன்.

நல்ல கதை அது. இதே மலையில், இதே சரிவில், எனக்கு இருபது வயதில் ஓர் ஓநாய் என்னைத் துரத்தியது. வளைவு வரும்போதெல்லாம் வழுக்கி வழுக்கி விழுந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நின்று, திரும்பி மேலே ஏறிப் போய், "முழங்காலை மடக்கு, உடம்பை முன்னால் சாய்" என்று சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் அது என்னை முந்திக்கொண்டு போய்க் கீழே காத்திருந்தது. கடித்ததா என்று சிலர் கேட்பார்கள். வாத்தியாரை யாராவது கடிப்பார்களா?

மெலிஸ் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து வெளியே போனான். திரும்பி வரவில்லை. கதையை முடித்துவிட்டு, மூத்திரம் பெய்யப் போவதுபோல் நானும் போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் வழுக்கைத் தலையில் பனி விழுந்து உருகிக்கொண்டிருந்தது.

"கிதிராலியோட அப்பா எசென்குல் போயிட்டாருடா," என்றான். "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவரு எழுந்திரிக்கல."

நாங்கள் நாலு பேர். கரகோல் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே வாத்தியாரிடம் பனிச்சறுக்குக் கற்றவர்கள். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறு மட்டும் பெண்டாட்டி, புருஷன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கீழே விட்டுவிட்டு மேலே இந்த முகாமுக்கு வந்துவிடுவோம். மெலிஸ் லாரி ஓட்டியவன். ஜரில்கான் விளையாட்டு ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவள். கிதிராலி மாட்டு டாக்டர், எங்களில் இளையவன். என் பெயர் சோவெத்பெக். எந்த நாட்டின் நினைவாக வைத்தார்களோ அந்த நாடு போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர் மட்டும் என்னிடம் கிடக்கிறது. நாலு பேரில் மூத்தவன் நான்தான். ஐந்தாம் வகுப்பு ரொம்பப் பிடித்துப்போனதால் இரண்டு தடவை படித்தேன்.

"அவன்கிட்ட யாரும் சொல்லலையே?" என்றேன்.

"அவன் சித்தப்பா பையன் எனக்குத்தான் போன் போட்டான். கூட்டிட்டு வாங்க, வாயைத் திறக்காதீங்கன்னான்."

அது சரிதான். மரணச் செய்தியை ஒருவன் தலையில் கல்லைப் போடுவதுபோல் போடுவது எங்களிடம் வழக்கமில்லை. ஊருக்கெல்லாம் தெரியும், மகனுக்கு மட்டும் தெரியாது. நண்பர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி அவனை வீட்டுப் பக்கம் அழைத்து வர வேண்டும். அங்கே கூட்டத்தில் மூத்தவன், நல்ல சொற்களாகப் பொறுக்கி, சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்.

"அடக்கம் எப்ப?"

"நாளைக்கு மத்தியானத் தொழுகை முடிஞ்சதும். அதுக்கு மேல முல்லா ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாராம். நிலம் இரும்பா இறுகிக் கிடக்காம், டயரைக் கொளுத்தி இளக்கித்தான் தோண்டப் போறாங்களாம்." மெலிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ரோடு மூடிடுச்சு. மலை இடுக்கில பனி சரிஞ்சு விழுந்திருக்கு. அள்ளுற வண்டி திங்கக்கிழமைதான் வருமாம்."

கிதிராலி ஒரே மகன். தகப்பனைக் குழிக்குள் இறங்கி வாங்க வேண்டியவன் அவன்தான். அவன் இல்லையென்றால் வேறு யாரோ இறங்குவார்கள். ஊர் வாய் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கும். அதைவிட, அவனே சொல்லிக்கொண்டிருப்பான்.

ஜரில்கானையும் கூப்பிட்டோம். கேட்டதும் விசிலைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இப்ப இருட்டிடும். விடிஞ்சதும் சறுக்கியே இறங்கிடலாம். சரிவைத் தாண்டி இடுக்கு வழியா ஊருக்கு. நம்ம முழங்கால் தாங்குமா?"

"என் முழங்கால் தாங்கும்," என்றேன். "ஓநாயே பாராட்டின முழங்கால்."

"யோவ், வாயை மூடு. அவன்கிட்ட என்ன சொல்லப் போறே? நீதான் பெரியவன். பொய் சொல்றதுக்குன்னே பொறந்தவனும் நீதான்."

உள்ளே போனோம். கிதிராலி அடுப்புக்குத் தள்ளி, கதவோரம், காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். இளையவனுக்கு எப்போதும் அந்த இடம்தான். ஜரில்கான் அவன் கைபேசியை, "குடு, சார்ஜ் போட்டுத் தரேன்" என்று வாங்கி, பெஞ்சில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். இரவுச் சாப்பாடு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆட்டிறைச்சியும் நூடுல்ஸும் வந்தன. எலும்புக்கு எங்களிடம் வரிசை உண்டு. இடுப்பெலும்பு மூத்தவனுக்கு, கடைசி ஆளுக்குக் கறியில்லாத விலா. மெலிஸ் தட்டைக் கையில் எடுத்தான், ஒரு நிமிஷம் யோசித்தான், இடுப்பெலும்பைக் கொண்டுபோய் கிதிராலி முன்னால் வைத்துவிட்டான்.

"இது அண்ணனோடதாச்சே," என்றான் கிதிராலி.

"சாப்பிடுடா. எனக்குப் பல் ஆடுது," என்றேன்.

"இங்க வந்து உக்காரு, அடுப்புப் பக்கம்," என்றாள் ஜரில்கான், அவள் வாழ்நாளில் யாரிடமும் பேசியிராத குரலில். தேநீரையும் அவளே ஊற்றினாள்.

கிதிராலிக்கு ஒரு நீலக் கால்சட்டை உண்டு. மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்த வருடம் வாங்கியது. பின்பக்கம் இரண்டு நிறத்தில் இரண்டு ஒட்டு. ஒவ்வொரு வருடமும் முதல் நாள் சாயங்காலம் முழுக்க அந்தக் கால்சட்டையை வைத்துத்தான் எங்களுக்குச் சிரிப்பு. அன்றைக்கு அவன் எழுந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி, ஒட்டு இரண்டும் நன்றாகத் தெரியும்படி நின்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெலிஸ் கண்களைத் தட்டில் வைத்துக்கொண்டு சோறு பிசைகிறவன்போல் நூடுல்ஸைப் பிசைந்தான்.

கிதிராலி எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து இடுப்பெலும்பைச் சுத்தமாகத் தின்றான்.

நான் தொண்டையைச் செருமினேன். "நாளைக்கு விடிஞ்சதும் இறங்கணும். என் மாடு கன்னு போடப் போகுது. தலை திரும்பிக்கிச்சாம். நீ வந்துதான் பாக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது: போன இலையுதிர் காலத்தில் அந்த மாட்டை விற்றுக்கொடுத்ததே அவன்தான். ஜரில்கான் மேசைக்கடியில் என்னை உதைத்தாள்.

கிதிராலி, போதும் என்பதற்குத் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். "சரிண்ணே," என்றான். "மாடு முக்கியம்."

விடிந்தபோது பனி நின்றிருந்தது. மலையெல்லாம் சாம்பல் நிறம், வானமும் அதே நிறம். ஜரில்கான் முன்னால், மெலிஸ் அவள் பின்னால், கிதிராலி, கடைசியில் நான். அறுபது தாண்டிய நாலு பேர் சறுக்கி வருவதைப் பார்த்தால் காக்கைகூடச் சிரிக்கும். அன்று காக்கையும் இல்லை. பனி சரிந்த இடத்தில் மரங்கள் வேரோடு கவிழ்ந்து கிடந்தன. சறுக்குப் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு பனியில் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினோம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மெலிஸ் உட்கார்ந்துவிட்டான். மூச்சு விசிலடித்தது.

கிதிராலி என் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து பலகையைப் பூட்டினான். நிமிராமலே பேசினான்.

"நேத்து என் கால்சட்டையை யாரும் கேலி பண்ணலண்ணே."

நான் என் பலகையைப் பூட்டக் குனிந்தேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்ல. யாரு? அம்மா முன்னாடியே போயாச்சு. பிள்ளைங்க யாராவதுன்னா நீங்க ராத்திரியே என்னை இழுத்துக்கிட்டு ஓடியிருப்பீங்க. அதனால..." நிமிர்ந்தான். "வேணாம், சொல்லாதே. இங்க சொன்னேன்னா நான் இங்கயே உக்காந்துடுவேன். அழுதுக்கிட்டே சறுக்க முடியாது. கண்ணுல உறைஞ்சிடும்."

"எங்கடா சொல்றது?"

"ஊருக்கு முன்னால வர்ற பாலத்துல. அது வரைக்கும் அவரு வீட்ல இருக்காரு. என்ன பண்றாருன்னு சொல்லிக்கிட்டே வா. உனக்குத்தான் வாய் இருக்கே."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் பொய்யை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லச் சொல்லிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். காட்டு வழியில் இறங்க ஆரம்பித்தோம். அவன் முன்னால், நான் அவன் முதுகுக்குப் பின்னால்.

"எழுந்துட்டாரு," என்று கத்தினேன். "டீ கேக்குறாரு."

"அப்புறம்?"

"ஆட்டு மூத்திரம் மாதிரி இருக்குன்னு கொட்டிட்டாரு. உன் பெண்டாட்டி வேற போடுறா."

"அதேதான் சொல்வாரு," என்றான். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"முல்லா வந்திருக்காரு. என்ன அவசரம், இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சு வாடான்னு உங்கப்பா விரட்டுறாரு."

"முல்லா என்ன சொல்றாரு?"

"அதுக்குள்ள நான் போய்ட்டா என்ன பண்றதுன்னு அழுவுறாரு. சரி, உன்னை நானே அடக்கம் பண்றேன்னு உங்கப்பா வாக்குக் குடுத்துட்டாரு."

வளைவு ஒன்று வந்தது. ஜரில்கான் முன்னாலிருந்து விசிலடித்தாள், பள்ளம் என்று. சுற்றிப் போனோம். நிறுத்தினால் அந்த மனிதர் செத்துவிடுவார் என்பதுபோல் நான் பேசிக்கொண்டே வந்தேன். "இப்ப குதிரையில ஏறப் பாக்குறாரு. குதிரை, எனக்கு வயசாயிடுச்சுன்னு மாட்டேங்குது. அதைத் தோள்ல தூக்கிட்டாரு. சந்தைக்குக் கிளம்பிட்டாரு, ஊரே வேடிக்கை பாக்குது. குதிரைக்குத்தான் வெக்கம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுது..."

காடு முடிந்தது. கீழே ஊர் தெரிந்தது. அதற்கு அப்பால் மேட்டில், கல்லறைகள் இருக்கும் பக்கத்திலிருந்து, கரும்புகை நேராக மேலே எழுந்தது. டயர் புகை. காற்றே இல்லாததால் தூண்போல நின்றது.

கிதிராலி நின்றான். நானும் நின்றேன்.

"அண்ணே. அந்தப் புகை என்ன?"

எனக்கு அழுகை வந்தது. விழுங்கினேன். "உங்கப்பா புகை பிடிக்கிறாரு."

"அவரு விட்டு முப்பது வருஷம் ஆச்சே."

"இன்னைக்கு மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு."

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், வாயைத் திறந்து, அந்தச் சாம்பல் காலையில். பிறகு ஊன்றுகோலை அழுத்தி, ஒரே மூச்சில் பாலம்வரை சறுக்கினான்.

பாலத்தில் ஜரில்கானும் மெலிஸும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். நான் வழியெல்லாம் மனசுக்குள் சொற்களைப் பொறுக்கிவைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் சொல்லும் பழைய சொற்கள்: வல்லூறு கையை விட்டுப் பறந்தது, மலையின் தோள் சரிந்தது என்று. மூத்தவன் சொல்லும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும். அவன் முன்னால் போய் நின்றதும் ஒன்றுகூட வரவில்லை.

"கிதிராலி," என்றேன். "அப்பா போயிட்டாருடா."

அவனுக்குத் தெரியும். ராத்திரியிலிருந்தே தெரியும். ஆனாலும் என் முகத்தையே பார்த்தான், சின்னப் பையனைப்போல. "பொய் சொல்றே," என்றான். மெதுவாக, கெஞ்சுவதுபோல. "அண்ணே, நீ எப்பவும் பொய்தானே சொல்வே."

"இல்லடா. இது இல்ல."

மெலிஸ் அவனை இழுத்து அணைத்தான். நாலு பேரும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு அழுதோம். அப்புறம் வழக்கப்படி ஊருக்குள் நுழைந்தோம். சாவு வீட்டுக்கு ஆண்கள் குதிரையில் பாய்ந்து வந்து, தூரத்திலிருந்தே ஓலமிட வேண்டும். எங்களிடம் குதிரை இல்லை. கிதிராலி தெருச் சரிவில் சறுக்கிக்கொண்டே, "என் மலையே, உன்னைப் பாக்காமப் போனேனே" என்று வாய்விட்டு அலறினான். மஞ்சள் சட்டையில் மெலிஸும், சிவப்புச் சட்டையில் நானும் பின்னால் அலறிக்கொண்டு போனோம். நாய்கள் குரைக்க மறந்து நின்றன. முற்றத்தில் யூர்த்தா கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்களின் ஒப்பாரி. உறவினர் ஒருவர் கிதிராலியின் இடுப்பில் துணி கட்டினார். பிள்ளை கோலூன்றி வாசலில் நின்று அழ வேண்டும். கோல் தேட யாரும் போகவில்லை. அவன் சறுக்கு ஊன்றுகோலின்மேல் சாய்ந்து நின்று அழுதான், வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தழுவிக்கொண்டார்கள்.

தொழுகை முடிந்தது. தூக்கிவிட்டார்கள். முல்லா யாருக்காகவும் நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் செருப்பு மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை, போட்டுப்போனது மேலே முகாமில் கிடந்தது. கனத்த சறுக்குக் காலணியோடு, கணுக்கால் மடங்காமல், டக் டக்கென்று பாடைக்குப் பின்னால் மேடு ஏறினான் கிதிராலி. குழியைச் சுற்றிப் பனி கரிந்து கறுத்திருந்தது.

அந்தக் காலணியோடு குழிக்குள் இறங்க முடியாது. சித்தப்பா மகன் கோட்டைக் கழற்றினான். "நான் எறங்குறேண்ணே. நீ மேல நில்லு."

கிதிராலி பனியில் உட்கார்ந்தான். விரல் விறைத்திருந்ததால் கொக்கிகளைத் திறக்க முடியவில்லை. பெண்கள் கல்லறைக்கு வருவது வழக்கமில்லை; ஆனாலும் கூடவே வந்திருந்த ஜரில்கான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். காலணிகளை உருவி என் கையில் கொடுத்தான். கம்பளிக் காலுறையோடு குழிக்குள் இறங்கி, கைகளை மேலே நீட்டி, தகப்பனை வாங்கிக்கொண்டான்.

நான் விளிம்பில் நின்றேன். காலணிகளின் உள்ளே அவன் காலின் சூடு இருந்தது. அது ஆறிவிடக் கூடாதென்று கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். அவன் மேலே ஏறி வருவதற்குள் ஆறிவிட்டது.